எண்பத்தேழாம் பக்கத்தில் கந்தப்பன்

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த கந்தப்பனுக்கு எழுபத்து நான்கு வயது. சர்க்கரையில் பார்வை போய்விட்டது. வீட்டில் அவரோடு சேர்த்து ஏழு பேர், பேசத்தான் ஆளில்லை.

கிரைண்டர் பழுது பார்க்கும் யாகூப்பை அவர் மூன்று முறை வரவழைத்தார். மூன்றாம் முறை பழுதே இல்லை. கோட்டைமேட்டை விட்டு மகள் வீட்டுக்குக் குடிவந்து, இங்கே யாரையும் அறியாத யாகூப் அதைச் சொல்லாமல் ஒரு மணி நேரம் கழற்றி மாட்டினார்.

“பாய் எதுக்கு அடிக்கடி வாராரு?” என்று மகன் மதன்குமார் கேட்டான். காரணம் ஒன்று தேவைப்பட்டது. 2023 மார்ச் 14 அன்று இருவரும் நான் பதிவேடு பார்க்கும் படிப்பகத்துக்கு வந்தார்கள். கந்தப்பன் அலமாரியைத் தடவி, இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை எடுத்தார். பழைய அமெரிக்க நாவலின் மொழிபெயர்ப்பு, 612 பக்கம். கலங்கரை விளக்கத்தில் தனியாகக் கிடக்கும் கிழவனிடம், ஊர் ஒதுக்கிய லாடக்காரன் வந்து சேரும் கதை.

வெள்ளி தவிர தினமும் யாகூப் வந்து வாசித்தார். பத்து வரிக்கு ஒரு தகராறு.

“ஏனுங்க பாய், நேத்து வந்தவனுக்கு எவனாச்சும் பாதிச் சோறு குடுப்பானுங்களா? எழுதுனவன் புளுகறானுங்க.”

“நீங்க எனக்குக் குடுக்கறதில்லைங்களா?”

“நான் குடுக்கறது முறுக்குங்க. முறுக்கு வேற, சோறு வேற.”

2024 ஜனவரி 8 அன்று, இருபதாவது முறை தவணை நீட்டிக்க வந்தார்கள். அப்போது 87ஆம் பக்கம். கல்லூரி மாணவி பிரத்யுஷா அதே புத்தகத்துக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தாள். நாவலில் தனிமையும் நட்பும் பற்றி அவள் கட்டுரை எழுத வேண்டும். வேறொருவர் கேட்டால் நீட்டிப்பு இல்லை என்பது விதி.

“தாத்தா, தனிமை எந்தப் பக்கத்துல வருதுங்க?” என்றாள்.

“தெரியாதுங்க அம்மணி. நாங்க அவ்வளவு தூரம் போகலீங்க.”

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, கந்தப்பன் படியிலேயே நின்றார். “அப்ப நாளைக்கு வரமாட்டீங்க, பாய்.”

“எதைச் சொல்லீட்டு வாரதுங்க?” என்றார் யாகூப்.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் வாசலில் நின்று, “மொதலாளி, அந்த லாடக்காரன் கடைசில போயிருவானுங்க” என்றாராம். “உங்களுக்கென்னங்க தெரியும்?” என்று கந்தப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டாராம்.

ஜனவரி 23 அன்று பிரத்யுஷா திருப்பித் தந்ததும் நானே புத்தகத்தைக் கொண்டுபோனேன். தெருமுனையிலேயே இருவர் சத்தமும் கேட்டது.

“புஸ்தகம் வந்துருச்சுங்க” என்றேன்.

“படிச்சா முடிவு தெரிஞ்சு போயிருமேங்க” என்றார் கந்தப்பன்.

“அப்ப திருப்பிக் கொண்டுபோறனுங்க.”

“ஐயோ, வெச்சுட்டுப் போங்க! புஸ்தகமில்லாம பாய் என்னத்தப் படிக்கறாருன்னு பையன் நேத்தே கேட்டான்.”

யாகூப் அதை வாங்கி, மதன்குமார் கண்ணில் படும்படி ஸ்டூலின்மேல் வைத்தார். திறக்கவில்லை.

“இப்பச் சொல்லுங்க மொதலாளி. அவன் போவானுங்களா, மாட்டானுங்களா?”