நூற்றிருபதாம் படி

இன்று அலமாரியில் என் முதல் செல்போனின் உறை கிடைத்தது. அதில் இன்னும் சந்தனக் கறை.

மலையடிவாரத்து எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, கோயில் படிக்கட்டின் நூற்றிருபதாம் படியில்தான் இரண்டு கோடு வரும். அன்று அரக்கோணத்தில் மகளுக்குப் பிரசவ வலி. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தால் இங்கே பஸ் இல்லை. அந்தப் படியில் மூன்று மணி நேரம், நாற்பத்தொரு காவடிகள் தோளை உரச, ஏறவும் இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியவரே, வழியிலயே குந்திகினு இருந்தா எப்டி? நவுருங்க!" என்றார், சந்தனம் பூசிய மொட்டைத்தலைக்காரர் ஒருவர்.

"நவுந்தா கோடு போய்டும்பா. பொண்ணு ஆஸ்பத்திரில கீறா."

செல்போன் மணி அடித்தது. பதற்றத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்கித் துண்டித்துவிட்டேன். மீண்டும் அடித்தபோது, சந்தனக் கையாலேயே அவர் பிடுங்கிக் கேட்டார்.

"பேத்தியாம்! ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்!"

மேலும் கீழும் அத்தனை படிகளும் "அரோகரா" என்றன.