மாமியாருக்கு ஒரு விசேஷம், அவருக்கு ஒரு விசேஷம்

நியூட்ரினோ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளில் மாதுங்காவில் குடித்தனம். என் கணவருக்கு பம்பாயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை என்று பேர். கிடந்ததெல்லாம் கோலார் தங்கச் சுரங்கத்தில். அத்தனை ஆழத்தில் மற்ற கதிர்களைப் பாறை தடுத்துவிடுமாம். இவர்கள் தேடிய நியூட்ரினோ என்ற துகள் மட்டும் எதற்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமாம். எப்போதாவது ஒன்று பாறையில் மோதினால் இவர்கள் வைத்த கருவியில் மினுக்கென்று ஒரு வெளிச்சம். அதற்கு இங்கிலீஷில் ஈவென்ட். அவர் ‘விசேஷம்’ என்பார், பெரிய ஹாஸ்யம் மாதிரி.

என் மாமியாருக்கு விசேஷம் என்றால் ஒரே அர்த்தம்தான். “ஏண்டி, விசேஷம் உண்டா?” கல்யாணமானதிலிருந்து மாதாமாதம் இதே கேள்வி. உங்கள் பிள்ளை பாதாளத்தில் கிடந்தால் விசேஷம் என்ன, தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குமா? வாய்வரை வரும். விழுங்கிவிடுவேன்.

செம்பூரில் ஒரு லேடி டாக்டர் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து போய்க் காட்டுவோம் என்று என் கணவரிடம் கெஞ்சினேன். “ஒரே ஒரு விசேஷம் வரட்டும், லீவு போட்டுண்டு வரேன்” என்றார்.

ஒருநாள் நான் ஆபீஸ் விட்டு வந்தால் வாசல் நிறையப் பெண்கள். மாமியார் என் வாயில் சர்க்கரையைப் போட்டார். கீழ்வீட்டு போனில் ட்ரங்க் கால் வந்ததாம். “விசேஷம் வந்தாச்சும்மா!” என்று பிள்ளை கத்தினானாம், லைன் அறுந்துவிட்டதாம். “ஆம்படையான்கிட்ட மட்டும் சொல்லியிருக்கே, கள்ளி!” என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

சர்க்கரையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“அது அவரோட மெஷின்ல வந்த விசேஷம்மா. நேக்கு ஒண்ணும் இல்லை.”

பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். “என் பிள்ளை கொடுத்துவெச்சது அவ்வளவுதான்” என்றார் மாமியார். அவர் பிள்ளை!

அடுத்த வாரம் முகமெல்லாம் சிரிப்பாக என் கணவர் வந்தார்.

“டாக்டர்கிட்ட என்னிக்குப் போறோம்?”

“நாளைக்கே திரும்பணும். இன்னும் நாலஞ்சாவது வேணும்.”

“நேக்கு ஒண்ணு போதும்ன்னா.”

“ஒண்ணே ஒண்ணை வெச்சுண்டு சொன்னா எவன் நம்புவான்?” என்று சொல்லிக்கொண்டே, தலை நிமிராமல் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினார்.