ஜெபத்தின்போது அவிழ்த்த கயிறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் நாலாம் வகுப்பில் இருக்கும்போது, என் சித்திக்குக் கல்யாணம் வந்தது. சித்தியின் அண்ணன், எனக்கு மாமா, பனச்சமூட்டில் ஒரு பழைய டாக்ஸி கார் ஓட்டினார். கல்யாண ஓட்டங்கள்தாம் அவருக்குப் பிழைப்பு. அவர் ஓட்டினால் மடியில் வைத்த சாம்பார் வாளிகூடச் சிந்தாது என்று சபையில் பேச்சு.

அந்தக் காருக்குத் தீராத நோய்போல ஒரு தீனம் இருந்தது. உள்ளே இருக்கும் பிடியை இழுத்தால் என்ஜினை மூடும் பானெட்டைத் திறந்துவிடும் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அதனால் முன்னால் உள்ள கொக்கி பூட்டாமல் பாதி திறந்தே நிற்கும். ஒர்க்‌ஷாப்காரர் சைக்கிள் பிரேக் கம்பியைப் போட்டுப் பார்த்தார், அதுவும் அறுந்தது. புதிய கேபிள் திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும். கல்யாணம் கழியட்டும் என்று மாமா பானெட்டைக் கயிற்றால் பம்பரோடு சேர்த்துக் கட்டிவைத்தார்.

பட்டுச்சேலையில் இறங்கி வந்த சித்தி கயிற்றைப் பார்த்ததும் முகம் சிவந்தாள்.

"அண்ணா, சந்தைக்குப் பசுவ கொண்டு போற மாதிரில்லா இருக்கு. கோயில் வாசல்ல எல்லாரும் சிரிப்பாவ."

"சிரிக்கட்டும் பிள்ளே. பானெட்டைப் பிடிச்சு வச்சிருக்கது அதாக்கும்."

சித்தியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மணப்பெண் வீட்டை விட்டு இறங்குமுன் ஜெபம் செய்வது எங்கள் வழக்கம். உபதேசியார் தொடங்கினார். அவர் ஜெபம் நீளமானது என்று எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள், நான் திறந்துகொண்டேன். "இந்தப் பிரயாணத்தைக் காத்தருளும்" என்று அவர் மன்றாடியபோது, நான் காருக்கு முன்னால் குந்தியிருந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். என் ஒரு சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி அதே இடத்தில் பூப்போல் கட்டினேன். கயிற்றைச் செம்பருத்திச் செடிக்குள் எறிந்தேன். ஆமென் சொல்லும்போது நானும் கண்ணை மூடி நின்றேன்.

காரின் முன்னால் தொங்கவிட்ட பூச்சரத்துக்கு அடியில் கயிறு இருக்கும் என்று மாமா நினைத்திருப்பார்.

எங்கள் வீடு அம்பூரிப் பக்கத்து மேட்டில். கோயிலுக்கு ரப்பர் தோட்டங்களின் நடுவே இறக்கத்தில் போக வேண்டும். முன்சீட்டில் நான் இருந்தேன். இரண்டாவது வளைவில் டமாரென்று ஒரு சத்தம். பானெட் எழும்பிக் கண்ணாடியில் அறைந்தது. பகல் வெளிச்சம் போய்விட்டது. சித்தி அலறினாள். மாமா அலறவில்லை. ஸ்டியரிங் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, பானெட்டுக்கு அடியில் தெரிந்த இடுக்கு வழியே பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்லப் பிரேக்கை அழுத்தினார். கார் நின்றபோது முன்சக்கரத்துக்கும் ஓடை பாயும் தோட்டுப் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம் இல்லை.

"மக்கா, எங்கயாவது அடிபட்டா?" என்று முதலில் என்னைக் கேட்டார். பிறகுதான் சித்தியைப் பார்த்தார்.

பின்னால் ஜீப்பில் வந்த பெரியப்பா குதித்து இறங்கினார். "எலே, கல்யாணப் பெண்ணைக் கொல்லவாலே கொண்டு போற? கயிறு எங்கலே?"

மாமா பம்பரைப் பார்த்தார். அறுந்த ரிப்பன் துண்டு அதில் தொங்கியது. பிறகு அவிழ்ந்து கிடந்த என் சடையைப் பார்த்தார். ரிப்பனை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கயிறு கெட்ட மறந்துபோனேன் அண்ணாச்சி. என் தப்பாக்கும்."

ஜீப்பில் வந்த சபைக்காரர்கள் எல்லாரும் அதைக் காதில் வாங்கினார்கள். சித்தியை ஜீப்பில் ஏற்றினார்கள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மாமா பானெட்டைக் கார் துடைக்கும் சேலைக் கிழிசலால் கட்டி, நசுங்கிய பூவோடு தனியாகப் பின்னால் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. சித்திக்கு இன்றுவரை தெரியாது. கூச்சக்காரி நான், அவர் இருந்த காலத்தில் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதவாவது செய்கிறேன்.

புதிய கேபிள் அடுத்த வாரமே வந்தது. பானெட் கச்சிதமாகப் பூட்டியது. ஆனாலும் அந்த வருஷம் கல்யாண நாட்களில் மாமா வீட்டிலேயே இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் ஓடி வந்தால் முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். என்னை முன்சீட்டில் ஏற்றி ஹார்ன் அடிக்க விடுவார். மாமாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது என்று நான் எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.