பன்னிரண்டு பேணி மழை

திங்கட்கிழமைகளில் மூதூரிலிருந்து வரும் முதல் லோஞ்ச் படகில் எங்கள் விவசாயக் கந்தோருக்கு ஒரு மண்ணிறக் கடித உறை வரும். அதற்குள் வளைகுடாவின் மறுகரையில் அந்த வாரம் பெய்த மழை இருக்கும். பன்னிரண்டு சிறிய தாள்கள். அவற்றின் மேல், பிலோமினா அக்காவின் சாய்ந்த எழுத்தில், எல்லாவற்றையும் தொகுத்த ஒரு பெரிய தாள். கடந்த தை மாதத்தில், போரினால் கடற்பாதை நான்கு நாட்கள் மூடப்பட்டுத் திறந்த திங்களன்று, அந்தப் பெரிய தாள் வேறொருவரின் எழுத்தில் வந்தது. உருண்டையான, பேனையை அழுத்திப் பிடித்த எழுத்து.

புதன், மழை இல்லை. வியாழன், மழை இல்லை. வெள்ளி, ஆறு மில்லிமீற்றர். வியாழனுக்கு எதிரே, குறிப்பு எழுதுவதற்கான சிறிய கட்டத்துக்குள், எழுத்துகளை நெருக்கி எழுதியிருந்தது: "மிஸ் விடியப்புறம் மோசம் போயிட்டா. மலேரியாக் காய்ச்சல்."

நான் அந்த வரியைத் தாண்டி வெள்ளிக்கிழமையையும் வாசித்துவிட்டேன். பிறகுதான் திரும்பி வந்தேன். லோஞ்ச் ஓடாத அந்த நாட்களிலேயே பிலோமினா அக்காவை மூதூர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்திருந்தார்கள். இக்கரையில் பாலையூற்றில் இருந்த அவருடைய தாயாரும் அன்று காலைதான் அறிந்தார். யன்னலுக்கு வெளியே குடா வழக்கம்போல வெண்புகையாய்க் கிடந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து அடுத்த லோஞ்ச் ஒரு புள்ளியாகத் தொடங்கி, அசையாமல் இருப்பதுபோல வந்துகொண்டிருந்தது.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கிறவர்களில் அவரை அறிந்தவர்கள் அவருடைய கறுப்புக் குடையையும் கன்வஸ் சப்பாத்தையும் நினைத்துக்கொள்வார்கள். நான் அதே கந்தோரில், மேலிடம் அனுப்பும் சுற்றுநிருபங்களைத் தமிழாக்கித் தட்டச்சு செய்கிறவள். அக்கரைக்குப் போனதே இல்லை. பயம் என்று சொன்னால் சரியாக இருக்காது. அந்தக் கரை எனக்குக் காலையில் தெரிந்து மத்தியானத்தில் மறைகிற ஒன்றாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அக்கா வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான். கிளிவெட்டிக்கு அப்பால், குளத்து நீர் ஏறாத மேட்டுக்காணிகளுக்கு அவர்தான் விவசாயப் போதனாசிரியர். கச்சான், கௌபி, சோளன், மிளகாய் என்று வானத்தை மட்டும் நம்பி விதைக்கிற நிலம். சனிக்கிழமைகளில் என் மேசைக்கு வந்து, சேலைக் கரையிலிருந்து நாயுருவி முட்களைப் பிடுங்கிப் பிடுங்கி என் சாம்பல் கிண்ணத்தில் போடுவார். நான் சிகரெட் குடிப்பதில்லை. அந்தக் கிண்ணம் அவருடைய முட்களுக்காகவே இருந்தது.

ஒரு மாரிகாலச் சனிக்கிழமை, ஊரடங்கு போட்டதால் வீட்டுக்குப் போக முடியாமல் நாங்கள் இருவரும் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குள் இருந்தோம். கூரையில் மழை விழும் சத்தத்தில் அந்த அறை ஒரு கப்பலின் வயிறுபோல இருந்தது. அக்கா தூசி தட்டிக் கோப்புகளை எடுத்து, நிலத்தில் வரிசையாகப் பரப்பினார். காடு வெட்டி எரித்துச் சேனைப்பயிர் செய்தால் தண்டனை என்று வெள்ளைக்காரர் காலத்து உத்தரவு ஒன்று. பிறகு, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வருவதை நிறுத்திய காலத்தில், மேட்டுநிலமெல்லாம் மிளகாய் வையுங்கள், தண்ணீர் இறைக்கும் மெசினுக்குக் கடன் தருகிறோம் என்று ஒரு சுற்றுநிருபம். சில வருடங்களில் துறைமுகத்தைத் திறந்துவிட்டு, மிளகாயை விடுங்கள், வேறு பயிர் பாருங்கள் என்று இன்னொன்று. அதற்கும் மேலே, இன்னும் மை மணக்கும் எங்கள் காலத்துத் தாள்கள்: யூரியா கொண்டுபோகத் தடை, மண்ணெண்ணெய் அனுமதி பெற்று அளவாக.

அக்கா அந்த வரிசையின் ஓரமாகச் சப்பாத்தில்லாத காலோடு நடந்தார். கடைசித் தாளில் நின்று சொன்னார்: "பாரும், ஒவ்வொருத்தரும் இந்த நிலத்தை அண்டைக்குத்தான் முதல்தரம் கண்ட மாதிரி எழுதியிருக்கினம்."

அந்தத் தாள்களின் மறுபக்கம் அவருக்கு மனிதர்களாகத் தெரிந்திருந்தது. செல்லத்துரை என்ற ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். மிளகாய்க் காலத்தில் கடனெடுத்து மெசின் வாங்கியவர். அவர் அக்காவிடம் சொன்னாராம்: "மிஸ், அந்த நேரம் நான் கலியாண வீட்டுக்குக் கறுத்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனனான். கண்ணாடிக்குள்ளால பொம்பிளையையும் தெரியேல்ல, மாப்பிளையையும் தெரியேல்ல. இப்ப மண்ணெண்ணெய் இல்லாம மெசினுக்கு மேல கோழி அடைகிடக்குது. அதுவாவது உற்பத்தி குடுக்குது."

அக்காவின் பெயர் அந்த ஊரில் ஒருமுறை கெட்டது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

அந்தப் பிரிவு முழுவதற்கும் ஒரேயொரு மழைமானி இருந்தது. பித்தளையில் செய்தது. முன்னொரு காலத்தில் ஜீப்பில் வரும் அதிகாரி இறங்காமலே பார்ப்பதற்கு வசதியாக, வீதியோரம் நட்டிருந்தார்கள். அக்கா இறந்த மாரிக்கு முந்திய மாரியில் பெரும்போக மழை பொய்த்தது. விதைத்ததெல்லாம் கருகி நிற்க, கார்த்திகையில் ஒரு பின்னேரம் ஒற்றை முகில் வந்து, மழைமானி இருந்த இடத்தில் நின்று, கொட்டிவிட்டுப் போனது. இரண்டு மைல் தள்ளி மேட்டுக்காணிகளில் புழுதி அடங்கவில்லை. அக்கா கண்டதை எழுதினார். நான் அதைத் தட்டச்சு செய்தேன். அந்த ஒரு எண்ணைப் பார்த்து, அங்கே போதிய மழை பெய்ததென்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். வறட்சி நிவாரணத்தில் அந்த ஊருக்கு விதையும் இல்லை, உலர் உணவும் இல்லை.

அதைக் கேட்க நாலைந்து பேர் லோஞ்ச் ஏறி எங்கள் கந்தோருக்கே வந்தார்கள். செல்லத்துரையை நான் அன்றுதான் முதலில் கண்டேன். கதிரை கொடுத்தும் அவர் இருக்கவில்லை.

"மிஸ், உங்கட மழை எங்கட காணிக்கு வரேல்லையே. வழி தெரியாமப் போட்டுதோ?"

"எனக்குத் தெரியும் அண்ணை."

"தெரிஞ்சுதான் எழுதினனீங்களோ? ரெண்டு கோடு குறைச்சுப் போட்டிருந்தா உங்கட கை தேஞ்சிருக்குமோ? பிள்ளையளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது, உங்கட கடுதாசியையோ?"

அக்காவின் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் குரல் தாழவில்லை. "குறைச்சு எழுத ஏலாது அண்ணை. கூட இடத்தில அளக்க ஏலும். அதுக்கு நீங்கள்தான் வேணும்."

"பித்தளைக் குழாய் பன்னிரண்டு வாங்கித் தரப்போறியளோ?"

"பித்தளை என்னத்துக்கு? பால்மா வாற தகரப் பேணி காணும். மழைக்குக் கந்தோர் தெரியாது, பித்தளையும் தெரியாது."

அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த மாரிக்கு முன், பக்கம் நேராக இருக்கிற, ஒரே அளவான பன்னிரண்டு பால்மாப் பேணிகளைச் சேர்த்துக்கொண்டு அக்கா இறங்குதுறைக்குப் போனார். குண்டு செய்ய உதவுமென்பதால், அங்கே சோதனைச்சாவடியில் வெறும் பேணிகள் நல்ல சாமான் இல்லை. சிப்பாய் ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்த்து, எதற்கென்று கேட்டான். தன் உடைந்த சிங்களத்தில், மழை பிடிக்க என்றார் அக்கா. அவன் பேணிகளைத் திருப்பி அடுக்கிவிட்டு, தன் உடைந்த தமிழில், "மரம் கிட்ட வைக்க வேணாம்" என்றானாம். "அவன்ர தகப்பனும் எங்கயோ ஒரு மேட்டுக்காணியில வானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்று அக்கா சொன்னார்.

பன்னிரண்டு முற்றங்களில் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொரு காலையும் பேணிக்குள் அடிமட்டம் என்கிற அளவுகோலை இறக்கி, நனைந்த அளவை எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை. பன்னிரண்டு பிளாஸ்ரிக் அடிமட்டங்களையும் நகரத்தில் வாங்கிக் கொடுத்தவள் நான். அதனால் பிறகு நடந்த பிழையில் எனக்கும் பங்குண்டு.

ஒத்துப்பார்ப்பதற்காக, செல்லத்துரையின் மனைவி மகேஸ்வரி அக்கா தன்னுடைய பேணியை முதல் மாதம் பித்தளை மானியின் பக்கத்திலேயே வைத்து அளந்தார். எந்த மழையிலும் பேணி ஐந்து மில்லிமீற்றர் குறைவாகவே காட்டியது. பேணி ஒழுகுகிறதென்று மாற்றினார்கள். கோழி குடிக்கிறதென்று முள் கட்டினார்கள். ஒருநாள் அக்கா அடிமட்டத்தைக் கையில் எடுத்து, அதன் நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்து அடிமட்டங்களில் பூச்சியம் நுனியிலிருந்து தொடங்குவதில்லை. அரைச் சென்ரிமீற்றர் தள்ளித்தான் தொடங்கும். தாளில் கோடு கீறும்போது அது யாருக்கும் குறையல்ல. பேணியின் அடியில் அந்த அரைச் சென்ரிமீற்றர் மழை கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது.

மாத அறிக்கை அனுப்ப இரண்டு நாள் இருந்தது. அந்த வருடமும் மழை பொய்த்துக்கொண்டிருந்தது. குறைந்த எண்கள் அந்த ஊருக்கு விதையாகவும் அரிசியாகவும் மாறக்கூடியவை. அக்கா அங்கே நடந்ததை எனக்கு நடித்தே காட்டினார். செல்லத்துரை கும்பிட்டுக்கொண்டு சொன்னாராம்: "மிஸ், கடவுளாப் பாத்து அஞ்சு மில்லிமீற்றரைக் குறைச்சுத் தந்திருக்கிறார். நீங்கள் ஏன் பிடிவாதமாத் திருப்பிக் குடுக்கிறியள்?"

"பித்தளையை மட்டும் நம்புறவையிட்டப் போய், பேணியையும் நம்புங்கோ எண்டு கேக்கப்போறன் அண்ணை. பேணி ஒருக்காப் பொய் சொன்னா, பிறகு அதை ஆர் கேப்பினம்?"

"பேணி சொல்லேல்ல. அடிமட்டம்தானே சொன்னது" என்றாராம் அவர். மகேஸ்வரி அக்கா அடுப்படியிலிருந்து, "உங்கட கறுத்தக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கதையுங்கோ" என்றாராம்.

அன்று பின்னேரம் அந்தக் குசினி அடுப்பில் கத்தியைக் காய்ச்சி, பன்னிரண்டு அடிமட்டங்களின் நுனியையும் பூச்சியம் வரை வெட்டினார்கள். எழுதியிருந்த ஒவ்வொரு மழைநாளுக்கும் ஐந்து கூட்டினார்கள். திருத்திய அறிக்கையை, பிழை எப்படி வந்ததென்ற விளக்கத்தோடு, நான் தட்டச்சு செய்தேன். பேணிகளை ஏற்கும்படி கேட்டு அக்கா கையொப்பமிட்டார். அது மார்கழி. பதில் வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

பதில் அவர் இறந்து பத்து நாட்களின் பின் வந்தது. கந்தோரிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்தால் பேணிகளின் அளவை ஏற்கலாம் என்றிருந்தது. யாரும் போக விரும்பவில்லை. அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு எப்படியும் போகவேண்டுமென்று நினைத்திருந்ததால், நான் போகிறேன் என்றேன்.

குடாவைக் கடக்கும்போது எங்கள் கந்தோரின் யன்னலைத் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நாளும் அதற்குள்ளிருந்து நான் பார்த்த புகை இப்போது அந்த யன்னலை மூடியிருந்தது. சேமக்காலையில் பூசை முடிந்து, அன்றிரவு மகேஸ்வரி அக்கா வீட்டில் தங்கினேன். விடியும் நேரம் ஓட்டில் சடசடவென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தபோது செல்லத்துரை வானத்தை முறைத்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நாளும் வராததுக்கு இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சுது. பாக்க ஆள் வந்திருக்கு எண்டு ஆர் போய்ச் சொன்னது?" பிறகு மனைவியிடம், "இது மழை இல்லையப்பா, பனி" என்றார்.

"பனிக்கு ஓடு சத்தம் போடுமோ?" மகேஸ்வரி அக்கா பேணிக்குள் அடிமட்டத்தை இறக்கி எடுத்தார். என்னைப் பார்த்தார். "நாலு. எழுதட்டோ, தங்கச்சி?"

அவர் என்னிடமோ கணவரிடமோ அனுமதி கேட்கவில்லை என்பது சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. பேனையை அழுத்திப் பிடித்து, உருண்டையாக, நான்கு என்று எழுதினார்.

மாசி முடிவில் முடிவு வந்தது. பன்னிரண்டில் ஒன்பது பேணிகளைச் சுற்றிய காணிகளுக்குக் கௌபி விதையும் உலர் உணவும் கிடைத்தன. மூன்றுக்குக் கிடைக்கவில்லை. அங்கே நிவாரணத்துக்கென்று வைத்த அளவுக்குச் சற்று மேல் மழை பெய்திருந்தது. அந்த ஐந்து கூட்டாமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும். மகேஸ்வரி அக்காவின் காணி அந்த மூன்றில் ஒன்று. அந்தக் கடிதத்தைத் தமிழாக்கியதும் நான்தான். அதற்கடுத்த திங்கட்கிழமை உறை வராதென்று நினைத்து இறங்குதுறைப் பக்கம் பார்க்காமலே இருந்தேன்.

உறை வந்தது. பன்னிரண்டு தாள்களும் இருந்தன. அந்த உருண்டை எழுத்தில் ஏழு நாளும் மழை இல்லை. குறிப்புக் கட்டத்துக்குள்: "பக்கத்துக் காணிக்காரர் எங்களுக்கும் ரெண்டு கொத்து விதை தந்தவை. மிஸ்ஸின்ர அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கோ."

பாலையூற்றுக்குப் போய்ச் சொன்னேன். தாயார் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அக்காவின் குடை தாயாரிடம் இருக்கிறது. கோப்புகள் மீண்டும் அந்த அறைக்குள் போய்விட்டன. என்னிடம் இருப்பது, அன்று திரும்பி வர லோஞ்ச் ஏறும்போது, தனக்கு வேறொன்று வெட்டிவிட்டதாகச் சொல்லி மகேஸ்வரி அக்கா என் கைக்குள் வைத்த ஓர் அடிமட்டம். மிஸ் தன் கையால் வெட்டியது என்றார். நுனி உருகிப் பழுப்பாக, சற்றுக் கோணலாக இருக்கிறது. தட்டச்சு மேசையில் அதைத்தான் பாவிக்கிறேன். மற்ற அடிமட்டங்களை விட அரைச் சென்ரிமீற்றர் குறைவு. ஆனால் எதன்மேல் நிறுத்தினாலும், அதன் அடியிலிருந்தே அளக்கத் தொடங்குகிறது.