தவளைப் பாடமும் பிறந்த வீட்டுக் கோடியும்

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஐரோப்பாக் குளங்களில் இருக்கும் ஒரு கலப்பினத் தவளையைப் பற்றிய பாடம் வருடா வருடம் வரும். இரண்டு இனங்களுக்குப் பிறந்த அதன் உடம்பில் இரண்டின் மரபும் இருக்கும். ஆனால் முட்டையோ விந்தோ உருவாகும்போது ஒன்றின் பங்கை முழுசாகக் கழித்துவிட்டு, மற்றதை மட்டும் அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கும். அப்புறம், எதைக் கழித்ததோ அதே இனத்திடம் போய்த்தான் ஜோடி சேரும். பிறப்பது மறுபடியும் கலப்பு. கலப்பும் கலப்பும் சேர்ந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் தலைப்பிரட்டையிலேயே செத்துப்போகும்.

அம்மா படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பாடத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"கழிச்ச பாதி எங்க கண்ணு போகும்?"

"உள்ளயே கரைஞ்சு போயிரும்மா."

"எங்கண்ணன் கோடி கொண்டாருமா?" என்றாள்.

அம்மா கொடுமுடிப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பெண். அப்பா அதே தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. ரயில்வேயில் வேலை கிடைத்ததும் அம்மாவைக் கல்யாணம் செய்து போத்தனூருக்குக் கூட்டி வந்தார். அதோடு அந்த வீட்டிலிருந்து நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், உடன்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலைதான், பிறந்த வீட்டுக் கோடிதான், முதலில் அவள்மேல் விழ வேண்டும். அது விழாதவள் நாதியற்றவள். அம்மா கடைசியாக ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கும்போது எட்டிப் பார்க்காதவர்களுடைய சேலை எதற்கு?

அவள் போனதும் அப்பாவே அந்த வீட்டுக்குப் போன் செய்தார்.

மாமா வந்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் அப்படியே அம்மா. வாசலில் நின்றபடி என்னிடம் மட்டும் பேசினார்.

"கோடி போடறோம் அம்மணி. ஆனா எங்க கோடி மேல வேற கோடி விழக்கூடாது. அவிய ஆளுக வெளிய நிக்கோணும்."

எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கிக்க கண்ணு. அவ கேட்டது அதுதான்."

மாமாவைப் பார்த்து, "சரிங்க" என்றார். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

பச்சைப் பட்டு. அம்மாவுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது, சொல்லவே கசக்கிறது. அப்பா கரண்டுக் கம்பத்தோரம் நின்றிருந்தார். அவளுக்குக் கடைசியாகப் போர்த்துவதற்கென்று ஈரோட்டில் அவர் எடுத்து வந்திருந்த கைத்தறிச் சேலை, பையோடு கக்கத்தில் இருந்தது.

கிளம்பும்போது மாமா என் தலையைத் தொட்டார். "நீ எங்க ரத்தம் அம்மணி. அப்பப்ப வந்துட்டுப் போ" என்றார். அப்பாவைத் தாண்டித்தான் காருக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பினோம். நானும் அப்பாவும் மட்டும். சாவுக்கு எடுத்த சேலையை உயிரோடு இருப்பவர்கள் கட்ட மாட்டார்கள். கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத என்ன கண்ணு பண்றது?" என்று கேட்டார்.