தாயில்பட்டி மேட்டில் ஒரு டமார்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பட்டாசுக் கம்பெனியையே காலி செய்துவிட்டேன். பத்தே விநாடியில்... நெருப்பில்லாமல், புகையில்லாமல்!

உங்களுக்குத்தான் தெரியுமே — எழுத்து எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற ஆறு நாளும் நான் வேன்காரன். யுத்த காலத்து வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. விருதுநகரிலிருந்து தாயில்பட்டிக்குக் காகிதக் கட்டு ஏற்றிப் போவேன். தீபாவளி சீசன் லோடுதான் எங்கள் வீட்டுக்கு வருஷச் சோறு.

இந்த வண்டிக்கு மேடு என்றாலே ஆகாது. முக்கும், முனகும், நின்றுவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டர் தேய்ந்துபோயிருந்தது. பழைய சாமான் கடையில் பெரிதாக ஒன்று கிடைத்தது. லாரியில் இருந்ததாம். விடுவேனா?

மெக்கானிக் காதர் பாய் அதை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“அண்ணாச்சி, இது ஊத்துற பெட்ரோல் உங்க எஞ்சினுக்கு அதிகம். உள்ள பெட்ரோல் பீச்சுற ஜெட்டைச் சின்னதா மாத்தி, ஓட்டிப் பாத்துச் சரிபண்ணணும். ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க.”

“சீசன்ல ரெண்டு நாளா? இப்ப மாட்டுங்க பாய். மத்ததைப் பெறகு பாத்துக்கிடலாம்.”

மாட்டினார். வண்டி பறந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்கு லோடு கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தீப்பொறி பறந்துவிடக் கூடாதே என்று, கேட்டுக்கு இருநூறு கெஜம் முன்பே எஞ்சினை அணைத்துவிடுவோம். வண்டி தானாக உருண்டு கேட்டருகே போய் நிற்கும். அன்றும் அணைத்தேன். ஆனால் கேட்டுக்கு முன்னால் ஒரு மேடு, வேகம் போதவில்லை. கியரில் உருண்டுகொண்டிருந்த வண்டி இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று சாவியைத் திருப்பினேன்.

டமார்!

புது கார்புரேட்டர் அதிகமாக ஊற்றி, எரியாமல் சைலன்சரில் சேர்ந்திருந்த பெட்ரோல் மொத்தமும் ஒரே அடியாக வெடித்திருக்கிறது.

எல்லா ஷெட்டிலிருந்தும் ஆட்கள் பாய்ந்து ஓடினார்கள். சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். எங்கே, என்ன என்று கேட்கக் கூடாது — வேலைக்குச் சேருகிற அன்றே சொல்லிக்கொடுப்பது அது. பேச்சியம்மாள் என்ற தொழிலாளி மட்டும் பாதி ஓட்டத்தில் நின்று, “செல்வி! ஏட்டி செல்வீ!” என்று கத்தினாள். மகளுக்கு வேறு ஷெட்டில் வேலை. மகள் கண்ணில் படுகிற வரைக்கும் அந்தக் குரல் நிற்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெட்கப்பட்டது என் ஆயுளில் இல்லை.

போர்மேன் வந்தார். “ஆளுக உசுரோட விளையாடுதீகளா? இந்த வண்டி இனிமே இங்கன வரக் கூடாது.”

சீசன் போச்சு! நேரே காதர் பாயிடம் போனேன். அன்று கேட்ட அதே இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஜெட்டை மாற்றினார், ஓட்டினார், மறுபடி திருகினார்.

வெள்ளிக்கிழமை போர்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி, கேட்டுக்கு வெகுதூரத்தில் வைத்து ஓட்டிக் காட்டினேன். அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், போட்டேன். சத்தமே இல்லை. மேட்டிலும் ஜம்மென்று ஏறியது.

“சரி, லோடு கொண்டாங்க” என்றார். உயிர் வந்தது.

அப்போது சாப்பாட்டு நேரம். கேட்டில் பேச்சியம்மாள், மகள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வண்டிக்குச் சரியாயிருச்சு அண்ணாச்சி. எங்க காதுக்குச் சரியாக வேண்டாமா?”

அன்றிலிருந்து மேட்டுக்குக் கீழேயே எஞ்சினை அணைத்து நிறுத்திவிடுகிறேன். வாட்ச்மேனும் இன்னும் இரண்டு பேரும் கை கொடுக்கிறார்கள்.

மேடு ஏறத்தானே புது கார்புரேட்டர் போட்டேன்? ஏறுகிறது... நான் தள்ளுகிறேன்!