பார்லாவுக்குச் சொல்லாத பயணம்

எங்கள் மலையூரான தூசிஸின் ரயில் நிலையத்தில் தலை நரைக்கும்வரை பயணச்சீட்டு கொடுத்தவள் உர்சினா காஃப்லிஷ். ஓய்வு பெற்ற பிறகும் ரயில் நேரங்கள் அவளை விடவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊரில் எழுபதைத் தாண்டியும் நடக்கத் தெம்புள்ளவர்களைச் சேர்த்து மூன்று நாள் மலைக்கு அழைத்துப்போவாள். ரயிலும் பேருந்தும்தான், காரை யாரும் எடுக்கக் கூடாது. ஒருமுறை தச்சர் லூட்சி சோம்பல்பட்டுக் காரில் வந்து கணவாயில் காத்திருந்தபோது, மாலைவரை அவரோடு அவள் பேசவில்லை.

திட்டம் போடுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. வண்டி மாற ஐந்து நிமிடம் போதும் என்று அட்டவணை சொன்னாலும் அதற்கடுத்த பேருந்தையே பிடிப்பாள். அத்தனை பேரும் கழிப்பறைக்குப் போய்வர வேண்டுமே. இறக்கத்தில் முழங்கால் எத்தனை நேரம் தாங்கும், விடுதியில் மாடி ஏற வேண்டியிருக்குமா என்பதெல்லாம் அவள் முன்கூட்டியே விசாரித்துவைக்கும் விஷயங்கள்.

இந்தக் குழுவை அவளோடு தொடங்கியவள் பார்லா, பள்ளிக்காலத்துத் தோழி. ஒரு குளிர்காலத்தில் பார்லாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதையடுத்த ஜூன் மாதத்து ஒருநாள் நடையில் அவள் வெகுவாகப் பின்தங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மற்றவர்கள் மழையில் நின்று காத்திருக்க நேர்ந்தது. யாரோ முணுமுணுத்ததும் உர்சினாவின் காதில் விழுந்தது.

அந்த ஆண்டு அவள் தேர்ந்திருந்த வழியில் முதல் இரவு லூ என்ற மலையூர். மறுநாள் கொஸ்தாய்னஸ் கணவாயைக் கடந்து மறுபக்கத்துச் சிற்றூரான ஸ்சார்லில் இறங்கிக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பார்லா வந்தால் அது தவறிவிடும் என்று பயந்தாள். நீ மட்டும் பேருந்தில் சுற்றி வா என்று சொல்லலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அதைத் தோழியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ரொட்டிக்கடையில் பார்த்தபோது, இந்த வருடம் பெரிய பயணம் எதுவும் இல்லை, ஆட்கள் சேரவில்லை என்றாள். குழுவிடம், இடுப்பு வலியால் பார்லாவே வரவில்லை என்றுவிட்டாள் எனத் தெரிவித்தாள். இரண்டு பொய்களும் தங்குதடையின்றி வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

புறப்பட்ட நாளன்று செர்னெட்ஸில் ரயிலைவிட்டு இறங்கி எல்லோரும் மலைப்பேருந்தில் ஏறி அமர்ந்தார்கள். வண்டி கிளம்பும் நேரத்தில் கைத்தடியும் முதுகுப்பையுமாகப் பார்லா ஏறினாள். பயணம் இல்லை என்றதும் அவள் தனியாகப் புறப்பட்டிருந்தாள். தான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உர்சினாவே வாய் ஓயாமல் வர்ணித்த லூவுக்குத்தான். அங்கே போவதற்கு வேறு வண்டி ஏது?

லூட்சிக்கு ஒரே சந்தோஷம். “அட பார்லா! இடுப்பு வலி, வரமாட்டேன்னு சொன்னியாமே. கடைசியில ஆசை விடலையாக்கும்?”

பார்லா அவரைப் பார்த்தாள். பிறகு உர்சினாவைப் பார்த்தாள்.

“ஆமா, இப்ப பரவாயில்ல. ஆனா நடக்கல. லூ வரைக்கும் பஸ்லயே போயிடறேன்” என்று சொல்லிவிட்டு ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

உர்சினாவுக்குக் காது மடல்கள் எரிந்தன. அன்றைய நடை தொடங்கும் கணவாயில் இறங்க வேண்டும் என்பதைக்கூட லூட்சிதான் தட்டி நினைவூட்டினார். மேய்ச்சல் வெளிகளும் பைன் மரங்களுமாக வழி அழகாக இருந்தது. ஏற்பாட்டை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவள் தலை தாழ்ந்தது. மதியம் தன் பங்குப் பாலாடைக்கட்டியை லூட்சியிடம் கொடுத்துவிட்டாள்.

மாலையில் விடுதி வாசலில் பார்லா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“பார்லா, உன்கிட்ட பேசணும்டி.”

“சொல்லுங்க.”

அந்த மரியாதைச் சொல்லைக் கேட்டு உர்சினா ஒரு கணம் நின்றுவிட்டாள். “கடைசி பஸ் போயிடுமோன்னு பயந்துட்டேன். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல.”

“சொல்லியிருந்தா நானே பஸ்ல சுத்தி வந்திருப்பேன். நான் மெதுவா நடக்கறது எனக்குத் தெரியாதா? காலு என்னோடதுதானே.”

“தப்புதான். நாளைக்கு அவங்கள லூட்சி கூட்டிட்டுப் போகட்டும். நான் உன்கூட பஸ்ல வரேன்.”

“வேண்டாம். உங்க மனசு ஆறுறதுக்கு நான் துணை வரமாட்டேன். நீங்க போயி நடங்க.”

இரவு உணவில் வாற்கோதுமைக் கஞ்சி ஆவி பறக்க வந்தது. பார்லா எல்லோரையும் சிரிக்கவைத்தாள். ரொட்டித் தட்டை உர்சினா பக்கமும் நகர்த்தினாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவள் நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் தேவலை என்று உர்சினாவுக்கு இருந்தது.

மறுநாள், பார்லா உடன் இல்லாத நடையில், கொஸ்தாய்னஸ் கணவாயின் உச்சியில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது அவள் குழுவிடம் உண்மையைச் சொன்னாள். முதலில் வாயைத் திறந்தவர் லூட்சிதான்.

“ஜூன்ல முணுமுணுத்தவன் நான்தான். அவ வரலன்னு கேட்டதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. நம்மள்ல ஒருத்தராவது போன் போட்டு ஏன்னு கேட்டோமா?”

ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

வெயில் தாழ்வதற்குள் ஸ்சார்லில் இறங்கிவிட்டார்கள். கடைசிப் பேருந்துக்கு ஏராளமான நேரம் மிச்சமிருந்தது. பார்லா அவள் நடையிலேயே வந்து சேர்ந்திருக்கலாம். அதை எல்லோரும் நினைத்தார்கள். காலியான நிறுத்தத்தில் வரிசையாக உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் பொறுப்பை விட்டுவிடுவதாக உர்சினா சொன்னாள். குழு சம்மதிக்கவில்லை. அடுத்த ஆண்டு வழியைத் தேர்வதற்கு முன்பே பார்லாவுக்குத்தான் முதலில் தொலைபேசினாள். நடக்கிற பகுதி, பேருந்தில் வரக்கூடிய பகுதி, இரண்டையும் சொல்லி, எது சௌகரியம் என்று கேட்டாள். பார்லா பொறுமையாகக் கேட்டுவிட்டு நன்றி சொன்னாள். கூர் நகரத்தில் பள்ளத்தாக்குப் பாதைகளில் மட்டும் நடக்கிற ஒரு குழுவில் சேர்ந்துவிட்டதாகவும், அவர்கள் பழகுவதற்கு நல்லவர்கள் என்றும் சொன்னாள்.

உர்சினா வற்புறுத்தவில்லை. கோடைதோறும் இன்றும் பார்லாவுக்குத் தொலைபேசுகிறாள். இதுவரை பார்லா வரவில்லை.